மழையில் எடுக்காத வண்டி

கொச்சியில் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில், சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கின் கடைசி அறையில், சங்கர்ராமின் நீல வண்டி இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நாளிலிருந்து துணி போர்த்தி நின்றது. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, நீளமான மூக்கு. எஞ்சின் முன்னால் இருந்தாலும் அதன் பலம் முழுவதும் பின்சக்கரங்களுக்குத்தான் போகும். வெயில் காலத்து ஞாயிறுகளில் அதிகாலையில் கிளம்பிக் கடற்கரையோரமாகச் செறாய் வரை போய்வருவான். முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்ததும் வண்டியைக் கிடங்கில் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவான். பிறகு மழைக்காலம் முழுவதும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில்தான் போக்குவரத்து.

அவனுடைய அக்கா கங்காவுக்கு அந்த வண்டி மேல் கோபம் எதுவும் இல்லை. தம்பிக்கு நாற்பது நெருங்கியும் பக்கத்து இருக்கையில் உட்கார ஓர் ஆள் வரவில்லையே என்பதுதான் அவளுடைய குறை. சொந்தத்தில் விசாரித்து விசாரித்துக் கடைசியில் ஸாதனாவைப் பற்றிக் கேள்விப்பட்டாள். பாலக்காட்டுப் பெண், வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வெலிங்டன் தீவில் ஒரு தேயிலை நிறுவனத்தில் ருசி பார்ப்பவள். வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, எந்த மலையின் இலை, எப்படி வாடியது என்று சொல்லுவாளாம். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் பாட்டுப் பாடுகிற சமாசாரம் வேண்டாம், கிடங்கிலேயே சந்திக்கலாம் என்று அவளே சொல்லியனுப்பியிருந்தாள்.

அன்று நல்ல மழை. தெருவில் சுற்றுலாக்காரர்கள் பழம்பொருள் கடைகளின் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சிவப்பு ஹேட்ச்பேக் மெல்ல வந்து கிடங்கின் முன் நின்றது. பார்த்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வண்டி மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன் அகலமான டயர்களையும், பின்னால் இருந்த இரட்டைப் புகைக்குழாயையும் பார்த்ததும் சங்கர்ராமுக்குப் புரிந்துவிட்டது. ஹாட் ஹேட்ச் என்று கார்ப் பைத்தியங்கள் சொல்லுகிற ரகம். சின்ன உடம்பில் பெரிய எஞ்சின்.

ஸாதனா இறங்கி உள்ளே வந்தாள். சுக்கு மூட்டைகளின் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ. நாளைக்குக் காலம்பற ருசி பார்க்கற வேலை இருக்கு. இந்த வாசனை மூக்குல ஏறித்துன்னா போகாது. உள்ள எங்கயாவது உக்காரலாமா?"

அப்படித்தான் அவர்கள் இருவரும், கூட இருந்த கங்காவும் கடைசி அறைக்கு வந்தார்கள். துணிக்கு அடியில் தெரிந்த வடிவத்தைப் பார்த்ததும் அவள் கேட்காமலேயே ஓரத்தைத் தூக்கிவிட்டாள். ஜன்னல் வழியாக வந்த மழை வெளிச்சத்தில் அந்த நீலம் நீருக்கடியில் கிடப்பது போல் தெரிந்தது.

"மழையில எடுக்க மாட்டேளா?"

"மாட்டேன். ஈர ரோட்டுல இதுக்கு வால் நிக்காது, பின்பக்கம் வழுக்கிண்டு போயிடும்."

"கொச்சியில பாதி வருஷம் மழையாக்கும். அப்போ பாதி வருஷம் இது வண்டி இல்ல, வீட்டுச் சாமான்."

கங்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சங்கர்ராமுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுமையாகவே சொன்னான்.

"உங்க வண்டியில முன்சக்கரமே இழுக்கணும், முன்சக்கரமே திரும்பவும் செய்யணும். ரெண்டு வேலையும் ஒரே ஆள் தலையில. இதுல அப்படி இல்ல. முன்னால இருக்கறது வழி பார்க்கும், பின்னால இருக்கறது தள்ளும். ஓட்டறவனுக்கு இடுப்புல தெரியும், வண்டி என்ன நினைக்கறதுன்னு. அது உங்க வண்டியில கிடைக்காது."

"கிடைக்காட்டா போகட்டும். நான் இன்னிக்கு நனையாம வந்தேன். நீங்கோ?"

கதவுக்குப் பின்னால் அவனுடைய மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேருமே அதைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சங்கர்ராம்தான்.

"ஒரு மழை நாளாப் பார்த்து ரெண்டையும் ஓட்டிப் பார்த்துடலாமே" என்றாள் ஸாதனா. "பேசிண்டே இருந்தா தீராது."

அவள் போன பிறகு கங்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொண்ணு பார்க்கச் சொன்னா, ரெண்டு பேரும் வண்டி பார்த்துண்டு நிக்கறேள்."

இடம் ஏற்பாடு செய்தது சேவியர். தூத்துக்குடிக்காரன், சங்கர்ராமின் மிளகு மூட்டைகளைக் கப்பலேற்றிப் பழகிய நண்பன், வெலிங்டன் தீவில் கன்டெய்னர்கள் வைக்கிற ஒரு பெரிய முற்றம் அவன் பொறுப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவன் பழைய லாரி டயர்களை உருட்டி வந்து வளைவுகள் போல் வைத்திருந்தான்.

"அண்ணே, டயர்ல எத்தன தடவ வேணும்னாலும் மோதுங்க. கன்டெய்னர்ல மட்டும் இடிச்சிராதிய" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

மழை காலையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. முற்றத்துச் சிமென்ட் தரை முழுவதும் மெல்லிய தண்ணீர்ப் படலம். அதில் சாம்பல் நிற வானமும், அடுக்கிய கன்டெய்னர்களின் ஆரஞ்சும் பச்சையும் தலைகீழாக அசைந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் காயல், கடலோடு கலக்கிற உப்பங்கழி. ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி மழைக்குள் கரைந்து நின்றது.

முதலில் ஸாதனா. சிவப்பு வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. எஞ்சினின் பாரம் முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருந்ததால் அவை தரையை விடாமல் பற்றி இழுத்தன. ஒரு வளைவில் வேகம் கூடிப்போய் வண்டியின் மூக்கு திரும்ப மறுத்து வெளிப்பக்கமாக அகன்றது. அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தாள். மூக்கு தானாக உள்ளே திரும்பிக்கொண்டது. சுற்றை முடித்து வந்து நின்றபோது அவள் தலைமுடி கூடக் கலையவில்லை.

அடுத்தது சங்கர்ராம். முதல் நாள் மழை விட்டிருந்த நேரம் பார்த்து வண்டியை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தான். நீல வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டினான், சேவியர் இரண்டு தடவை கொட்டாவி விட்டான். வண்டி நின்றதும் ஸாதனா வந்து பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். ஏறும்போதே அவள் டயர்களைக் கவனித்திருந்தாள். புது டயர்களில் இருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் இன்னும் உதிராமல் இருந்தன. இந்த ஒரு மதியத்துக்காகவே மழைக்கு ஏற்ற டயர் மாற்றியிருக்கிறான். அதை அவன் சொல்லவில்லை.

"நீங்கோ ஓட்டலை. காவல் காக்கறேள்" என்றாள். குரலில் கேலி இல்லை. "நான் ஒரு தரம் எடுக்கட்டுமா?"

அவன் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. பிறகு இறங்கி இடம் மாறினான்.

ஸாதனாவுக்கு அந்த இருக்கை தரையோடு படுத்திருப்பது போல இருந்தது. தண்ணீர்ப் பரப்பு கண்ணுக்கு நேராக விரிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ மெத்தென்று தள்ளுவது போல் வண்டி கிளம்பியது. அவளுக்கு இதுவரை வண்டி என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிற ஒன்று. இது வேறு. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவதில் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டாள். பின்பக்கம் லேசாக நழுவியது. பழக்கத்தில் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது.

அவளுடைய வண்டியில் அதுதான் சரி. இந்த வண்டியில் அதுதான் தப்பு. பின்சக்கரங்கள் மேலிருந்த பாரம் முன்னால் சாய்ந்துவிட, வால் முழுவதுமாக விடுபட்டது.

சத்தமே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் ஆரஞ்சு கன்டெய்னர்கள் போயின. பிறகு காயல். பிறகு அந்தக் கப்பல், இப்போது மிக அருகில், மிக அமைதியாக. பிறகு சேவியரின் குடை. பச்சைக் கன்டெய்னர்கள். மறுபடி காயல். தரையே இல்லாத ஏதோ ஒன்றின் மேல் மிதந்துகொண்டே உலகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவருவது போலிருந்தது அவளுக்கு. பயப்பட வேண்டும் என்று நினைவு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. எந்த டயரிலும் மோதவில்லை. மழை கூரைத் துணியில் படபடவென்று விழுகிற ஓசை அப்போதுதான் கேட்டது.

ஸாதனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சங்கர்ராமின் கை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது.

"என்னாச்சு?"

"ஒரு தரம் இது மாதிரி சுத்தியிருக்கேன்" என்றான் அவன். "பைபாஸ்ல. வண்டி வாங்கின வருஷம், புது மழை. நின்னபோது எதிர்ப்பக்கமாத் திரும்பி நிக்கறேன். முன்னால ஒரு டாங்கர் லாரி. அவன் பிரேக் பிடிச்சுட்டான். இறங்கி வந்து திட்டுவான்னு பார்த்தேன். திட்டலை. தண்ணி பாட்டில் கொடுத்துட்டுப் போயிட்டான். திட்டியிருந்தா மறந்திருப்பேனோ என்னமோ."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அக்காக்குத் தெரியாது. ஈர ரோட்டுல வால் நிக்காதுன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்."

ஸாதனா வைப்பரை நிறுத்தினாள். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. வெளியே எல்லாம் நிறங்களாக மட்டும் தெரிந்தன. தன் கைப்பையிலிருந்து சிவப்பு வண்டியின் சாவியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"கொறச்சு நேரம் அதை ஓட்டிட்டு வாங்கோ. அது உங்களை ஒண்ணும் பண்ணாது."

உண்மையாகவே ஒன்றும் பண்ணவில்லை. முதல் சுற்றில் அவன் தயங்கினான். இரண்டாம் சுற்றில் தயக்கம் பாதியானது. அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. டயர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தது. எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மிதித்தால் இழுத்தது, விட்டால் அடங்கியது. சேவியர் குடையைச் சாய்த்துக்கொண்டு ஸாதனாவிடம் வந்தான்.

"அக்கா, அண்ணன் மழையில இப்படி ஓட்டி நான் பாத்ததே இல்ல. சாயா வாங்கிட்டு வரட்டுமா, இப்போதைக்கு இறங்க மாட்டாரு போலயே."

இறங்கியபோது சங்கர்ராமின் சட்டை நனைந்திருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டியிருக்கிறான்.

"ஒத்துக்கறேன்" என்றான். "மழைன்னா இதுதான் வண்டி. இது வேகமாகவும் போறது, மன்னிக்கவும் மன்னிக்கறது."

"ஆனா?"

"ஆனா ஒண்ணும் இல்லை." பிறகு நீல வண்டியைப் பார்த்தான். "வரேளா?"

இந்த முறை அவன் ஓட்டினான், அவள் பக்கத்தில். முதல் சுற்று மெதுவாகவே போனது. அடுத்ததில், அவள் சுற்றிய அதே வளைவில், அவன் வேண்டுமென்றே கொஞ்சம் மிதித்தான். வால் நழுவியது. அவன் காலை எடுக்கவில்லை. நழுவுகிற பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே, தண்ணீரை விசிறி போல வாரி இறைத்துக்கொண்டு, வளைவு முழுவதும் மிதந்தது.

"சரின்னு சொல்லிடலாம்னு தோணறது" என்றாள் ஸாதனா.

அவன் ஸ்டியரிங்கை மெல்ல நேராக்கிக்கொண்டிருந்தான். கைகள் வேலையாக இருந்தன. வால் மெல்ல மெல்லத் திரும்பி வந்து நேரான பிறகுதான் கேட்டான்.

"யார்கிட்ட? என்னத்துக்கு?"

"உங்க அக்காகிட்ட."

வண்டி அதுவாகவே வேகம் குறைந்து முற்றத்தின் நடுவில் நின்றது. இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கப்பல் எப்போதோ கிளம்பிப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் மழை மட்டும் இருந்தது.

"யோசிச்சுதான் சொல்றேளா?" என்றான் கடைசியில்.

"யோசிக்கலை. வாய்ல பட்டவுடனே தெரிஞ்சுடும் சிலது. என் வேலையே அதுதானே."

திரும்பிப் போகும்போது அவள் நீல வண்டியை ஓட்டுகிறேன் என்றாள். அவன் சிவப்பில் பின்னால் வந்தான். தோப்பும்படிப் பாலத்தின் மேல் வண்டிகள் ஊர்ந்தன. மடக்குக் கூரையின் தையலில் ஓரிடத்தில் ஒழுகி அவள் இடது தோளில் சொட்டியது. பாலத்தின் இரண்டு பக்கமும் நீர், மேலும் நீர். பாலம் முடிகிற இடத்தில் வண்டியின் வால் ஒருதரம் சின்னதாக அசைந்தது. அவள் கால் அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வந்த சிவப்பு வண்டி அதைக் கவனித்துவிட்டு விளக்கை ஒருமுறை சிமிட்டியது.

மட்டாஞ்சேரியில் வீட்டு வாசலில் கங்கா குடையோடு நின்றிருந்தாள். நீல வண்டி மழையில் நனைந்துகொண்டு வருவதைப் பார்த்தாள். அதிலிருந்து ஸாதனா இறங்குவதைப் பார்த்தாள். பின்னால் வந்த வண்டியிலிருந்து தம்பி இறங்கினான். எதை முதலில் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எந்த வண்டிதான் ஜெயிச்சுது?" என்று கேட்டு வைத்தாள்.

"அவளோடது" என்றான் சங்கர்ராம். "சந்தேகமே வேண்டாம்."

"பின்ன எதுக்கு அவ உன்னோடதுல வந்தா?"

ஸாதனா நனைந்த தோளைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்கோ அக்கா, சொல்றேன்" என்று கங்காவின் குடைக்குள் புகுந்துகொண்டாள்.