மரியசெல்வி என்ற பேருக்கு மூன்று ஓலை

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'நல்ல பேர் வாங்கு' என்கிறோமே, வாங்குவதென்றால் அதை யாராவது விற்கவும் வேண்டுமல்லவா? விலை கேட்டு ஒருவர் வந்தால் என்ன சொல்வது? வந்தார். 2006இல், திண்டுக்கல்லில்.

2

மலைக்கோட்டைக்கு மேலே மேகம் பஞ்சுப்பொதியாக... (அடித்துவிட்டேன். மேகத்தில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

மரியசெல்வி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தாள். (இது தேவலை.) சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளைப் படம்பிடித்து இணையச் சந்தையில் விற்பவள். வாங்கியவர்கள் அவள் பேருக்குக் கீழே நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டிருந்தார்கள். "சொன்ன நிறமே வந்தது" என்று நாக்பூரிலிருந்து யாரோ. "மரியசெல்வியை நம்பலாம்" என்று கௌஹாத்தியிலிருந்து யாரோ. மதியக் கிறக்கத்தில் அவள் கண்ணை மூடினால் போதும், முகம் தெரியாத அந்த ஊர்க்காரர்களெல்லாம் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கேட்கக் கேட்க இனிக்கும்.

உள்ளூரில் அந்தப் பேரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் வழக்கப்படி மூன்று ஞாயிறும் மாப்பிள்ளை பேரோடு அவள் பேரைச் சேர்த்துக் கல்யாண ஓலை வாசித்தார்கள். "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் கேட்டபோது ஊர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளே வேண்டாமென்றாள். அவ்வளவுதான், பேர் கெட்டுப்போனது. (காரணத்தை எழுதியிருந்தேன். காரணம் சொன்னால்தான் அவளை மதிப்பீர்களா என்று உங்கள்மேல் கோபம் வந்து எடுத்துவிட்டேன்.)

3

விலை கேட்டு வந்த ஜவுளிக்கடை ராயப்பராஜ் பலே ஆள். ஒரே சாயத்தில் நனைத்த இரண்டு சேலைகளில் ஒன்றை அவள் பேரில் போடச் சொன்னார். மற்றதை அதே சந்தையில் தான் புதிதாகத் தொடங்கிய பேரில் போட்டார். அவளுடையது சாயங்காலத்துக்குள் கூடுதல் விலைக்குப் போயிற்று. அவருடையதை ஏனென்று கேட்க நாதியில்லை.

"அந்த வித்தியாசம் இருக்குல்ல, அதுதான் தாயி உம் பேரோட மதிப்பு. பேரையும் பாஸ்வேர்டையும் எங்கிட்டக் குடுத்துரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை ஒண்ணு சும்மா கெடக்கு, வாடகையில்லாம வச்சுக்க."

கடை! அவளுக்கு எத்தனை நாள் ஆசை அது.

"போர்டுல 'மரியசெல்வி சுங்குடி'ன்னு போட்டுக்கிறேன் மாமா."

"ஐயய்யோ, போர்டுல அந்தப் பேரு வேண்டாம்! ஊருக்குள்ள ஒரு மாதிரிப் பேசுவாங்க."

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதும் இதே பேருதானே மாமா?"

அவர் மீசையைத் தடவினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பேரு எங்கிட்டயே இருக்கட்டும். உங்க சேலையைப் பாக்குறேன், நல்லதா இருந்தா எம் பேருல போடுறேன். கடைக்கு வாடகையும் தாரேன். ஆனா போர்டுல எம் பேருதான்."

"ஊரு ஒத்துக்கிட்டா எனக்கென்ன?" என்றார்.

4

முடிவு ஒன்று: அவள் பேரை விற்றுவிட்டு... (மாட்டேன். நாக்பூர்க்காரருக்கு யார் பதில் சொல்வது?)

முடிவு இரண்டு: ஊரே திருந்தி, மாலையும் கையுமாக... (போதும், எனக்கே சிரிப்பு வருகிறது.)

பேனாவை வைத்துவிட்டுச் செத்த நேரம் கண்ணயர்ந்தேன். மரியசெல்வி எதிரே வந்து நின்றாள்.

"முடிவெல்லாம் எழுத வேண்டாம்ணே. அன்னிக்கு மாதிரி எம் பேரை மூணு வாட்டி வாசிங்க. இந்த வாட்டி தனியா."

கடைப் போர்டு எழுத வந்த பெயிண்டர் உடையப்பன் ஏணியில் நிற்கிறார், பிரஷ்ஷை நனைத்துவிட்டார். படிக்கிறவர்களே, இனி ஊர் என்றால் நீங்கள்தான்.

மரியசெல்வி.

மரியசெல்வி.

மரியசெல்வி.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்.