எடுக்காத செம்புக் கம்பி

செம்பைத் திருட நினைத்தேன். திருடவில்லை. பொன்ராஜிடம் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சாராயக் கடைகளை மறுபடி மூடிய வருஷம் அது. கிண்டியில், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றும் கம்பெனி ஒன்றில் எனக்கு ராத்திரி வேலை. பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவனுக்கு அதற்கு மேல் கிடைக்காது. மோட்டாரிலிருந்து உருவிய பழைய செம்புக் கம்பியைக் கோணியில் கட்டி ஸ்டோருக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அங்கே தகரச் சுவரில் ஒரு தகடு ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளினால் ரோடு.

எனக்கு ஒரு டிரான்சிஸ்டர் வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. யாருக்கும் வியாதி இல்லை. யாரும் என்னைத் தூண்டவும் இல்லை. ஒருநாள் விடிகிற நேரத்தில் கோணிக்குள் கையை விட்டு ஒரு சுருளை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன். வயிற்றில் சில்லென்று பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். பயந்து வைத்தேனா, வேண்டாமென்று வைத்தேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

பொன்ராஜ் தெற்கே சாயர்புரத்துக்காரன். பனகல் பார்க் பக்கம் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளர். காலேஜில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். நான் காலேஜை விட்ட பிறகும் என்னை விடாதவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் இரண்டு பேரும் ஊரூர் குப்பத்துக் கடற்கரைப் பக்கம் நடப்போம். அன்றைக்கும் நடந்தோம். இழுத்துப் போட்டிருந்த கட்டுமரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சொல்லணும்டா. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"என்னல, கொலையா?"

"செம்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடலைத் தோலை ஊதிக்கொண்டே கேட்டான்.

"வச்சுட்டல்லா? பொறவு என்ன. ஆண்டவரையே பிசாசு மலைக்கு மேல கூட்டிட்டுப் போய் ஆசை காட்டுனான். நீ எம்மாத்திரம்."

"பிசாசு ஒண்ணும் வர்லடா. கை என்னுது. ஆசை என்னுது."

"சரில. நான் ஜெபத்துல வச்சுக்கிடுதேன்."

கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபிப்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அந்த வாரக் கடைசியில் கோணி காணாமல் போனது. ஒரு சுருள் இல்லை, கோணியோடு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி வேலை அசதியில் நான் கோயிலுக்குப் போகவில்லை. அன்று ராத்திரி வேலைக்குப் போன என்னை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். மேனேஜர் சொல்லி அனுப்புகிற வரைக்கும் வர வேண்டாமாம்.

விவரம் காதர் சொல்லித்தான் தெரிந்தது. காதர் என் பக்கத்து மேஜையில் கம்பி சுற்றுகிறவன். அடுத்த நாள் காலையில் வேலை முடிந்து, கையில் வார்னிஷ் கறையோடு அடையாற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"இன்னா நைனா, மேனேஜர் வூட்ல உனக்கோசரம் ஜெபம் பண்ணாங்களாமே?"

"எனக்கா? எப்போ?"

"வெள்ளிக்கிழமை. மூட்டை காணாம போனது சனிக்கிழமை. டைம் ஆபீஸ்ல சிரிச்சிக்கினு கீறானுங்க. திருடறதுக்கு முன்னாடியே துவா வாங்கிக்கினு போனவன் ஊர்லயே நீ ஒருத்தன்தானாம்."

நான் சிரிக்கவில்லை.

"எட்த்தியா?" என்றான்.

"இல்ல."

"தெரியும். எட்த்திருந்தா எனக்கு ஒரு பங்கு குட்த்திருப்பே." எழுந்து செருப்பை மாட்டினான். "போலீசுக்குப் போகலியாம். உன்னைத் திருத்தப் போறாராம் உங்க சாரு. அதான் எனக்கு பயமா கீது."

மேனேஜர் ஞானமுத்து எங்கள் சபையில் மூப்பர். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் ஜெபக் கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். மகளுக்கு வரன், மாமியாருக்கு முட்டி வலி, இப்படி. பிறகு எல்லாரும் கண்ணை மூடி அதற்காக வாய்விட்டு ஜெபிப்பார்கள். குறிப்பு இல்லாதவனை ஆவியில் குளிர்ந்தவன், பக்தி ஆறிப்போனவன் என்று நினைப்பார்கள். பொன்ராஜ் ஒருநாளும் குறிப்பு இல்லாமல் போனதில்லை.

அன்று மத்தியானமே ஜவுளிக்கடைக்குப் போனேன். பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மடிப்பு கோணியது. காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கிய பின்கட்டுக்குக் கூட்டிப் போனான்.

"நீ விழுந்துட்டேன்னு நான் சொல்லல எபி. விழுந்திரக் கூடாதுன்னுதான் ஜெபிக்கச் சொன்னேன். சார் எதுலன்னு கேட்டாரு. செம்பு விஷயத்துலன்னு சொன்னேன்."

"எடுத்துட்டுத் திரும்ப வச்சிட்டான்னு சொன்னியா?"

"அதுக்குள்ள எல்லாரும் ஜெபிக்க ஆரம்பிச்சுட்டாவ."

"மூட்டை போனப்புறம் சொன்னியா?"

ஒரு பெட்டியின் மூலையை நகத்தால் கிழித்தான்.

"ஞாயித்துக்கிழமை சார் என் தோள்ல கையைப் போட்டாருல. 'பொன்ராஜ், ஆண்டவர் உனக்கு முன்கூட்டியே உணர்த்தியிருக்காரு, உன்கிட்ட ஒரு வரம் இருக்கு'ன்னாரு. சொர்ணம் அம்மா கண்ணு கலங்கிட்டாவ. அந்த நேரத்துல போயி, ஆண்டவர் உணர்த்தல சார், எபிதான் சொன்னான்னு எப்படிச் சொல்ல?"

"வாயைத் தொறந்து சொல்லணும்."

"நாக்கு எழும்பலல. சாத்தான் அந்த நேரத்துல என் நாக்கைக் கட்டிப் போட்டுட்டான். ராத்திரி பூரா அழுது ஜெபிச்சேன் தெரியுமா?"

"ஏன்டா, உன் தோளைத் தட்டுனது சாரு. வாயை மூடுனது நீ. நடுவுல சாத்தான் எங்கடா வந்தான்? அவனுக்கும் ஷிப்டு போட்டிருக்கியா?"

அவன் அழுதான். நிஜமாகத்தான் அழுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். முன்பக்கத்தில் முதலாளி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கறேன்," என்றேன். "என்கூட சார் வீட்டுக்கு வா. நான் உன்கிட்ட சொன்னதை முழுசா அவர்கிட்ட சொல்லு. எடுத்தான், வச்சிட்டான், மூட்டை போறதுக்கு முன்னாடியே தானா வந்து சொன்னான். அவ்ளோதான். திருடப் போறவன் வந்து சொல்லிட்டாப் போவான்?"

"ஜெபிச்சுட்டுச் சொல்லுதேனே."

"ஜெபிச்சது போதும்டா."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து போவதாக ஒத்துக்கொண்டான். இடையில் இருந்த நாட்களில் அம்மாவிடம் கம்பெனியில் கரண்டு கட்டு, அதனால் லீவு என்று சொல்லி வைத்திருந்தேன். ராத்திரி வேலை பார்த்துப் பழகிய உடம்பு. தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். பொன்ராஜ் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை கேட்டுக்குள் போவேன். நான் திரும்ப வைத்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். என் வேலையும் என் பேரும் அவன் வாயில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சத்தம் வராமல் உதட்டை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டே வந்தான்.

ஞானமுத்து வீட்டில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை அவர் இன்னும் மாற்றவில்லை. "வாங்க தம்பி, வாங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்தார். அவர் மனைவி சொர்ணம் அம்மாள் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார். அவர்கள் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லுடா," என்றேன் பொன்ராஜிடம்.

அவன் எழுந்து நின்றான். சாட்சி சொல்ல நிற்கிற மாதிரி கைகளைக் கோத்துக்கொண்டான்.

"சார், எபனேசர் என்கிட்ட எல்லாத்தையும் அறிக்கை பண்ணிட்டான். அன்னைக்கே பண்ணிட்டான். ரொம்ப உடைஞ்சு போயிருக்கான். அவன் நல்லவன் சார். சாத்தான் ஒரு நிமிஷம் அவனை மேற்கொண்டுட்டான். இந்த ஒரு தரம் நீங்க மன்னிச்சு, வேலையைத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா அவன் ஆத்துமா தப்பிச்சுக்கிடும்."

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அறிக்கை பண்ணினேன், மனசில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னேன். உடைந்துதான் போயிருந்தேன். திரும்ப வைத்ததை மட்டும் விட்டுவிட்டான். என்னைக் காப்பாற்றுவதாகவே அவன் நினைத்திருக்க வேண்டும். அவன் வரமும் அவனிடமே இருக்கும், என் வேலையும் திரும்பி வரும். ஒரே பேச்சில் இரண்டும். ஜவுளிக்கடையில் தேர்ந்த கை.

ஞானமுத்து கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"முதலாளி போலீசுக்குக் குடுன்னாரு தம்பி. நான்தான் வேண்டாம்னேன். எங்க பிள்ளை, நாங்க பார்த்துக்கறோம்னேன். மூட்டை எங்கே, யாருக்கு வித்தே, ஒண்ணும் கேக்க மாட்டேன். நாளைக்கு வந்து வேலையில சேரு."

"சார், நான் எடுக்கல."

"மனசால எடுத்தேல்ல?"

"எடுத்தேன். கையாலயும் ஒரு சுருள் எடுத்தேன். அங்கயே வச்சிட்டேன்."

"நினைச்சாலே பாவம்தான் தம்பி. நினைச்சதும் செஞ்சதும் ஆண்டவர் பார்வையில ஒண்ணுதான்."

"ஆண்டவர் பார்வையில ஒண்ணா இருக்கலாம் சார். நான் நினைச்சப்போ உங்க மூட்டை அங்கதான் இருந்துச்சு."

அவர் வருத்தமாகச் சிரித்தார். சின்னப் பிள்ளை வாதாடினால் சிரிப்பார்களே, அப்படி. "பெருமையை விட்டுரு. முழங்கால் போடு. ஜெபிச்சு முடிச்சிரலாம்."

சொர்ணம் அம்மாள் பாயை விரித்தார். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். அவர் ஜெபிக்கத் தொடங்கினார். காணாமற்போன பிள்ளை, தூரதேசம், தகப்பன் வீடு என்று வேதத்தில் வரும் கெட்ட குமாரன் கதை. என் பேர் வந்தது. செம்பு வந்தது. திருட்டு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, பலவீனம் என்றார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திருடனாக்கியதில்லை.

ஜெபம் முடியும்போது நான் ஆமென் சொல்ல வேண்டும். அது மட்டும் போதும். நாளைக்குக் கேட் திறக்கும். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காதர் கிண்டல் பண்ணுவான், பிறகு மறந்துபோவான். கோணிக்குள் கையை விட்டபோது இருந்ததைவிட இப்போது ஆசை பெரிதாக இருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அந்த ஆமென். அங்கே பிசாசு யாரும் இல்லை. ஞானமுத்து, அவர் மனைவி, பொன்ராஜ், நான். நான்கு பேர்தான் இருந்தோம். சொன்னால் நான்தான் சொன்னவன்.

"ஆமென்," என்றார்கள் மூன்று பேரும்.

நான் எழுந்து நின்றேன்.

"சார், எடுக்க நினைச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன், கேக்க வேண்டிய இடத்துல. எடுத்ததுக்கு மன்னிப்பு எனக்கு வேண்டாம். எடுத்தவன் வேற எவனோ. அவன் வந்தா அவனுக்குக் குடுங்க." பொன்ராஜ் பக்கம் திரும்பினேன். "உனக்கு யாரும் உணர்த்தல. நான் சொன்னேன். கடற்கரையில உக்காந்து, வச்சிட்டேன்னு சொன்னேன். ஆமாவா இல்லையா?"

பொன்ராஜ் ஞானமுத்துவைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான்.

"எனக்கு ஞாபகம் இல்லல," என்றான்.

ஞானமுத்துவின் முகம் மாறியது அப்போதுதான். "உனக்காகப் பரிஞ்சு பேசுனவனையா இப்படிக் கேக்கறே?" என்றார். "மனந்திரும்பாதவனை நான் எப்படித் தம்பி உள்ளே விடுறது? முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"விடாதீங்க சார்."

சொர்ணம் அம்மாள் மட்டும், "சாப்பிட்டுட்டுப் போகட்டுமே," என்றார். நான் அதற்குள் வாசல்படி இறங்கியிருந்தேன்.

மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். பாதி வழியில் பொன்ராஜ் ஓடி வந்து சேர்ந்துகொண்டான். மூச்சு வாங்கியது.

"ஏம்ல கெடுத்துக்கிட்ட? எல்லாம் அமைஞ்சு வந்துச்சு. ஒரு ஆமென்ல. ஒரே ஒரு ஆமென்."

"உனக்கு ஞாபகம் இல்லியாடா?"

"அவருக்கு முன்னாடி என்னத்தச் சொல்ல. எல்லாரும் பாத்துட்டு இருக்காவ." என் சட்டையைப் பிடித்தான். "நீ என் மேல கோபமா இரு. பரவால்ல. நான் உனக்காகத் தினமும் ஜெபிப்பேன்ல."

"ஜெபி. என் பேரைச் சொல்லாதே."

சட்டையை விட்டான். நான் ஸ்டேஷன் பாலத்தில் ஏறினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பாகச் சொன்னானாம். கடினப்பட்ட இருதயத்துக்காக என்று. என் முழுப் பேரையும்.