ஸ்டூலை விட்டு எழாத பத்தாயிரம் அடி

என் வீட்டுக்காரர் தையல்காரர். அவர் கல்லீரலில் ஹெபடைடிஸ் பி வைரஸ் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கிறதே தவிர விரட்டவில்லை. போன தடவை ஸ்கேனில் கொழுப்பும் சேர்ந்திருந்தது. இருக்கிற தொல்லை போதாதா என்றார் டாக்டரம்மா. குடி கூடாது, இனிப்பைக் குறைக்கணும், தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். இப்படியே விட்டால் கல்லீரல் தழும்பேறிவிடும் என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குடியை மனுஷர் ஒரே நாளில் தலைமுழுகினார், அதில் குறை சொல்ல மாட்டேன். நடைக்கு என் தங்கை, கையில் கட்டிக்கொண்டால் அடி எண்ணும் பட்டை ஒன்று வாங்கித் தந்தாள். முதல் வாரமே தினம் பதினாலாயிரம் காட்டியது. அடுத்த வாரம் இருபதாயிரம். நான் தங்கையிடம் பீற்றிக்கொண்ட பீற்றல் கொஞ்சமல்ல.

ஆனால் அவருடைய பேன்ட் கொக்கி மாட்ட மறுத்தது. இவ்வளவு நடக்கிறவருக்கு இடுப்பு எப்படிப் பெருக்கும்? ஒரு மதியம் சொல்லாமல் கடைக்குப் போய்க் காலும் களவுமாகப் பிடித்தேன். பட்டை கணுக்காலில் இருந்தது. தையல் மெஷினின் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அடி ஏறியது. ஒரு திரைச்சீலை தைப்பதற்குள் ஐயா ஊரையே சுற்றி வந்துவிடுவார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி இடுப்பை அளந்தேன். இரண்டு இஞ்ச் கூடியிருந்தது.

"ஊராருக்கெல்லாம் அளவு சரியா எடுப்பீங்க. எனக்கு மட்டும் பொய் அளவா? துணின்னா வேற வாங்கிக்கலாம். உங்கள எங்க போய் வாங்குவேன்?"

அவர் அசடு வழியவில்லை, சமாளிக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பட்டையை அவிழ்த்தார்.

"நடந்தும் குறையலன்னா அப்புறம் என்ன இருக்கு சொல்லு. நடக்காம இருந்தா, நடந்தா சரியாயிடும்ங்கிற நம்பிக்கையாச்சும் மிஞ்சும்ல."

இத்தனை நாளும் சோம்பேறித்தனம் என்றுதான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இவருக்குள் இப்படி ஒரு பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"எனக்கும் பயந்தான். செருப்பப் போடுங்க" என்றேன்.

கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம். தெருமுனை வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான். கொஞ்சம் நின்றோம். திரும்பிவிடலாமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.