ஒன்பதாவது அறை

மச்சானின் குஞ்சு பொரிப்பகத்துக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே செய்து தருவதாக வாய்விட்டவன் புரோகிராமர்தான், யாரும் கெஞ்சவில்லை. எட்டுத் தட்டுகள், தட்டுக்கொரு சென்சார், கட்டைவிரல் அளவு சிப். ஆனால் முதல் தட்டின் ஹீட்டர் அணையவே மாட்டேனென்றது. உள்ளே பார்த்தால், அதன் சூட்டு வரம்பு முப்பத்தெட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எகிறியிருந்தது. அந்த எண்ணைத் தான் சி மொழியில் எழுதிய வரி எதுவும் தொடவில்லை என்று சத்தியம் செய்தான். சென்சாரைப் பழித்தான். சுவரைத் தோண்டி வயரை மாற்ற வைத்தான். கடைசியில் எலி என்றான்.

“எலி சி படிச்சிருக்கா மாப்ளே?” என்றார் மச்சான். “முட்டை வண்டி வாசல்ல நிக்குது. இறக்கவா, இல்ல அவிச்சே வித்துடவா?”

“இருங்க மச்சான்.” வரம்பைத் திரையில் காட்ட ஒரு வரியும், அதற்கான எழுத்துகளை வைக்க ஒரு சின்ன அரேயும் சேர்த்தான். வரம்பு முப்பத்தெட்டில் சாதுவாக உட்கார்ந்தது. “சரி பண்ணிட்டேன்!”

“என்ன பண்ணீங்க?” தட்டைத் துடைத்துக்கொண்டே அவன் மனைவி கேட்டாள்.

“எட்டிப் பாத்தேன்.”

“பாத்தா சரியாயிடுமா?”

அவன் மறுபடி திரைக்குத் திரும்பினான். யாரோ பார்க்கிறார்களென்று ஒழுங்காக நடந்துகொள்ளச் சிப்புக்கு வெட்கம் கிடையாது.

சி மொழியில் அரே என்பது ஒட்டியொட்டி நிற்கும் அறைகள். எட்டு அறை கேட்டால் எண்கள் பூஜ்யம் முதல் ஏழு வரை. எட்டாம் எண்ணில் எழுதினால் மொழி தடுக்காது. பக்கத்து வீட்டில் எழுதிவிட்டு வந்துவிடும். சென்சார்களை வரிசையாகப் படிக்க அவன் போட்ட சுற்று எட்டுக்கு முன்னால் நிற்காமல், எட்டையும் சேர்த்து ஓடியிருந்தது. ஒன்பதாவது முறை, சிப்பில் சென்சாரே மாட்டாத கம்பிக்காலைப் படித்து, வந்த குப்பையை அடுத்த வீட்டில் கொட்டியது. அங்கே குடியிருந்தவை வரம்புகள்; முதல் அடி முதல் தட்டின் வரம்புக்கு. இப்போது நடுவில் புதிதாகக் குடிவந்த அரே அந்தக் குப்பையை வாங்கிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் என்றாவது ஒருநாள் சுத்தம் செய்கிறேனென்று அவனே அந்த எட்டிப் பார்க்கும் வரியையும் அரேயையும் அழிப்பான். அன்று முதல் தட்டு வெந்துவிடும். அவனைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“இறக்காதீங்க மச்சான். இன்னும் சரியாகல. சென்சார், வயர், எலி எல்லாமே நல்லதுதான். தப்பு என்னோடது. எட்டோட நிக்காம ஒன்பதாவதா வெளிய போய் எழுதிட்டேன்.”

“எவ்ளோ பெரிய தப்பு?”

“ஒரு சமக்குறி.”

“அதுக்கா என் சுவரத் தோண்டுனீங்க?”

‘<= 8’ என்றிருந்ததில் சமக்குறியை அழித்து ‘< 8’ ஆக்கினான்; இனி சுற்று ஏழோடு நிற்கும். எட்டிப் பார்க்கும் வரியையும் புது அரேயையும் எடுத்தான். மூவரும் முதல் தட்டின் முன் நின்றார்கள். முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டில் ஹீட்டர் ‘டக்’கென்று அணைந்தது.

மச்சான் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். “முதல் தட்ட நீங்களே அடுக்குங்க மாப்ளே. தட்டுக்கு வெளிய மட்டும் வெச்சுடாதீங்க.”