தருமன் தேர்ந்தெடுத்த ட்வீட்டர்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவில் தருமன் செய்த ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டதும் அதைத்தான். "இன்னாப்பா, பெட்டி செய்யறதுக்குள்ள பலக தீந்துபோச்சா?" ஆளுயரத்துக்கு ஒரு பலகை, அதில் மேலிருந்து கீழாகச் சின்னதும் பெரிசுமாக மூன்று வட்டத் துளைகள், கீழே ஒரு தாங்கல். அவ்வளவுதான். முன்னால் நின்றாலும் பாட்டு, பின்னால் நின்றாலும் பாட்டு. பலகையின் ஓரத்துக்கு நேராக நின்றால் மட்டும் முன்சத்தமும் பின்சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒப்புக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். டைபோல் என்று அதற்குப் பெயர். பெட்டிக்குள் அடைத்த சத்தத்தில் பாதி பெட்டியின் சத்தம், திறந்துவிட்டதுதான் பாட்டின் சத்தம் என்பான் தருமன். அவன் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் நகர்ந்துவிடுவது ஊர் வழக்கம். கோபம் அவனுக்கு மூக்கு நுனியில் இருந்தது.

இருபது வருஷமாகக் கோதண்டத்தின் போட்டில் எஞ்சின் அவன் பொறுப்பு. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்த் திரும்புகிறவரை அந்த டீசல் எஞ்சினை ஒட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். புகை, உதறல், இடுப்புவலி. அதைவிட்டுத் தொலைக்க அவன் கண்டுபிடித்த வழி ஸ்பீக்கர். திருவிழா மைக்செட்டுகளைப் பழுதுபார்ப்பதில் தொடங்கி, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஸ்பீக்கர் செய்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தான். அங்கே அவன் போட்ட படங்களைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஹரிஹரன் என்பவர் நேரில் வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் தனக்கும் நண்பர்களுக்குமாக மூன்று ஜோடி. அது மட்டும் நடந்துவிட்டால் எஞ்சின் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று தருமன் முடிவு கட்டியிருந்தான்.

கீழ்ச் சத்தத்துக்கான வூஃபரும் நடு ஸ்பீக்கரும் ஒழுங்காக அமைந்தன. வம்பு செய்தது ட்வீட்டர்தான். ஜால்ரா, சலங்கை, பாடுகிறவள் மூச்சு வாங்குவது எல்லாம் அந்தச் சின்ன வில்லையின் வேலை. மலிவான பீசோ ட்வீட்டர் கல்யாண மண்டபத்துக்குத்தான் லாயக்கு என்று எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினான். பட்டுத்துணிக் குமிழ் வைத்த டோம் நல்லது என்றார்கள். டோமுக்கு முதுகு மூடியிருக்கும், முன்னால் மட்டும்தான் பேசும். அதனால் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக முதுகோடு முதுகு வைத்து, பின்னதற்கு ஒயரைத் தலைகீழாகக் கொடுக்க வேண்டும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த தாஹா, பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, அதை வரவழைத்துக் கொடுத்தான்.

மாட்டிக் கேட்டால் ஜால்ரா போர்வைக்குள் அடிப்பது போலிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலுமினிய டோம் வாங்கிப் பார்த்தான். அதுவும் அப்படியே. தருமனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சந்தை நாளாகப் பார்த்துக் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, டூப்ளிகேட் விற்றுப் பிழைக்கிற திருட்டுப்பயல் என்று தாஹாவைக் கத்தித் தீர்த்தான். தாஹா உள்ளே போய் வேறொரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, "இத எட்த்துனு போ தருமா. இனிமே கடப் பக்கம் வராத" என்றான். அந்த ட்வீட்டரில் கொஞ்சம் உயிர் இருந்தது. அதட்டினால்தான் அசல் வெளியே வருகிறது என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான் தருமன்.

கொஞ்சம் உயிர் போதுமா? ட்வீட்டரை மட்டுப்படுத்துவதற்காக வைத்திருந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேராகக் கொடுத்தான். ஜால்ரா பளிச்சென்று எழுந்து வந்தது. அன்றைக்கு அவன் மனைவி லோகநாயகி, சோறு போட்டுக்கொண்டே, "கொஞ்சம் கீச்சுனு கீதே" என்று சொல்லிவிட்டாள். தட்டு சுவரில் போய் மோதியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஸ்பீக்கரைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான்.

ஹரிஹரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார், துளையின் விளிம்பில் விரலை ஓட்டினார், முகம் மலர்ந்தது. தருமன் பாட்டைப் போட்டான். இரண்டு வரி போவதற்குள் அவர் நாற்காலியை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். கடைசியில் பலகையின் ஓரத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சார், அங்க குந்துனா ஒன்னும் கேக்காது சார்."

"பரவால்ல தருமன், பரவால்ல."

அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் லோகநாயகி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மகள் ஷாலினி புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். தருமனுக்குச் சுரீரென்றது. ரெசிஸ்டரைப் பிடுங்கிய இந்த எட்டு மாதமாக அவர்கள் இருவரும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஜன்னல் இருப்பதால் என்று நினைத்திருந்தான்.

ஹரிஹரன் நல்ல மனிதர். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்ன தொழில் என்று கேட்டார். பிறகு ஃபோனில் எதையோ திறந்து, "ஒரு சத்தம் வரும், அது மேல மேல போகும். நின்னதும் சொல்லுங்க" என்றார். விசில் போல ஒன்று எழுந்து, மெலிந்து, தேய்ந்தது.

"நின்னுபோச்சு சார்."

"நிக்கல" என்றார் அவர். ஷாலினி முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் இரைச்சல் தன்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அப்போதுதான் தருமனுக்குத் தெரிந்தது. அதை விட்டு ஓடுவதற்கு அவன் நம்பியிருந்ததே அந்தக் காதைத்தான்.

"மரவேலை பிரமாதம், தருமன். கீழ்ச் சத்தமும் பிரமாதம். ட்வீட்டர்லயும் குறை இல்ல, அளவுதான் தப்பு. ட்வீட்டருக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்க. எவ்வளவு போடறதுன்னு நல்ல காது உள்ளவங்க ஒருத்தர கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. அடுத்த ஞாயிறு ஃபோன் பண்றேன். சரியாச்சுன்னா மூணு ஜோடியும் நீங்கதான் செய்யறீங்க."

மறுநாளே தருமன் பழவேற்காட்டுக்குப் போனான். தாஹாவின் காது ஊரறிந்த காது. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். தருமன் கடை வாசலில் நின்று, தன் காது போன கதையைச் சொல்லி, ஒரு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுப் போ பாய் என்று கூப்பிட்டான்.

தாஹா சால்டரிங் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான். "கடைசியா ஒரு டப்பா குட்த்தேனே, உயிரு கீதுன்னு ஊரெல்லாம் சொன்னியே. அது நீ மொதமொத திருப்பிக் குட்த்தது. டப்பாவ மட்டும் மாத்துனேன்."

தாஹா சால்டரிங் முனையைத் துடைத்துக்கொண்டான்.

"கோளாறு உன் காதுலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லியிருந்தா வுட்ருப்பியா? இப்பவும் நான் வந்து இது சரி, அது தப்புன்னு சொன்னா, நாளைக்கு நாலு பேரு முன்னால மறுபடி திருடன்னுவ. வேணாம் தருமா. என் பசங்க கூட கடைல நின்னுனு இருந்தாங்க அன்னிக்கு."

கெஞ்சிப் பார்த்தும் தாஹா தலையைத் தூக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது தருமனுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வீட்டில் ஷாலினி இருக்கிறாள். பதினாறு வயது. ஹரிஹரனின் விசிலைக் கடைசி வரை கேட்ட காது.

சனிக்கிழமை அவளைப் பலகைக்கு நேர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, இவன் பின்பக்கம் போய் உட்கார்ந்தான். பெட்டியில்லாத ஸ்பீக்கரில் ஒயரெல்லாம் கைக்கு எட்டும். பாட்டை ஓடவிட்டு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தான்.

"இது எப்படிம்மா?"

"நல்லா கீது நைனா."

வேறொன்றை மாற்றினான். "இது?"

"நல்லா கீது நைனா."

"முன்னதவிடவா?"

"ஆமா நைனா. அதுவும் நல்லாதான் இருந்துச்சு."

நான்கு மாற்றினான். நான்கும் நன்றாக இருந்தன. தருமனுக்குச் சந்தேகம் தட்டியது. ரெசிஸ்டரை மொத்தமாக எடுத்துவிட்டு, ஹரிஹரன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாரே, அதே பழைய கணக்கில் ஒயரை நேராகக் கொடுத்துவிட்டு, சத்தத்தையும் கூட்டிவைத்து, எழுந்து முன்னால் வந்தான்.

ஷாலினி இரண்டு கையையும் முழங்காலில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தாள்.

"இது?"

"நல்லா கீது நைனா."

பாட்டை அணைத்தான். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, வாழ்நாளில் அவன் பேசியிராத மெல்லிய குரலில், "ஷாலு, நெசத்த சொல்லும்மா. நீ இன்னா சொன்னாலும் நான் கோச்சுக்க மாட்டேன்" என்றான்.

அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமில்லை. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று தெரியாமல் இன்னும் மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தாள். லோகநாயகி வந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லாதாங்க கீது. புள்ள சொல்லுதுல்ல" என்றாள். ஷாலினி விசும்ப ஆரம்பித்தாள். "நெசமாவே நல்லா கீது நைனா" என்று அழுகையினூடே மறுபடி மறுபடி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிஹரன் ஃபோன் செய்தார். தருமன் ஏரிக்கரைப் பக்கம் தனியாகப் போய் எடுத்தான்.

"வேற ஆளப் பாத்துக்கோங்க சார்."

"ஏன் தருமன்? உங்க பொண்ணுக்குத்தான் அவ்வளவு நல்ல காது இருக்கே. அவளை வச்சு முடிச்சுடலாமே?"

"காது கீது சார். என்கிட்ட நெசம் பேசுற தைரியத்தத்தான் நானே அடிச்சுக் கொன்னுட்டேன்."

அவர் என்னவோ சொல்ல வந்தார். தருமன் ஃபோனை வைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் போட் கிளம்புகிறது என்று கேட்கக் கோதண்டத்தின் வீட்டுக்கு நடந்தான்.