கட்டிலுக்கடியில் முளைப்பாரி

“அதத் தூக்கி ஆத்துல போடச் சொல்லுங்க. விரதமும் இல்ல, ஒரு சுத்தமும் இல்ல. கட்டிலுக்கு அடியில, செருப்புக்குப் பக்கத்துல முளைப்பாரி வளக்குறாளாம்.”

“அது முளைப்பாரி இல்ல மதினி. ஸ்கூல்ல கேட்ட விஞ்ஞானம்.”

“பாசிப்பயறப் போட்டு இருட்டுல மூடி வச்சா அதுக்குப் பேரு வேற என்ன?”

பீலித் தண்ணீரில் என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் நகரவில்லை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசைக்கு இதைவிட நல்ல செவ்வாய்க்கிழமை வாய்த்ததில்லை.

கத்தியவர் சண்முகவடிவு. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டில் ஒரு காம்பரா அறையை இருட்டாக்கி, விரதமிருந்து முளைப்பாரி வளர்ப்பவர். முளை மஞ்சளாய் உயர்ந்து வளர்ந்தால் அம்மனுக்குத் திருப்தி. அந்த வருடமோ முளை குட்டையாகவும் பச்சையாகவும் நின்றது. திருவிழாவுக்கு ஐந்தே நாள். பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்ட நேரத்தில், பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு சாண் உயரத்தில் தங்கம்போல முளை நிற்பது காதுக்கு எட்டியது. எப்படி எட்டியது என்று என்னைக் கேட்கக்கூடாது.

அது, பதில் சொல்லிக்கொண்டிருந்தவரின் மகள், ஒன்பதாம் ஆண்டு படிக்கும் வினோதாவுடையது. ஒரு பெட்டி ஜன்னலில், ஒன்று கட்டிலுக்கடியில். வெளிச்சம் என்ன செய்கிறது என்று காட்டவேண்டும். சனிக்கிழமை ஹட்டனில் கண்காட்சி. இருட்டுப் பெட்டி ஆற்றோடு போனால் அவளுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெளியே வந்து, “அத்த, ஒங்களோடது நேரா நிக்குதா, சாஞ்சிருக்கா?” என்றாள்.

“சாஞ்சா ஒனக்கென்ன?”

“எந்தப் பக்கம்?”

சண்முகவடிவு கொஞ்சம் யோசித்தார். “ரோட்டுப் பக்கம்.”

“அந்தச் செவத்துல எங்கயாச்சும் வெளிச்சம் வருதா அத்த? நா உள்ள வரமாட்டேன். நீங்களே பாருங்க.”

வந்தது. டிஷ்காரன் வயர் இழுக்கப் போட்ட ஓட்டை. டிஷ்ஷை மறுபக்கம் மாற்றிய பிறகு யாரும் அதை அடைக்கவில்லை. எனக்கு முன்பே தெரியும். ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

சண்முகவடிவு பழைய சீலைத்துணியைத் திணித்தார். பெட்டியை வைத்திருக்கவும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: சனிக்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் மீன், கருவாடு எதுவும் கூடாது. வினோதாவின் அப்பா பொன்னையாவுக்குக் கருவாடு இல்லாமல் ரொட்டி இறங்காது. “மக படிக்கிற விஞ்ஞானத்துக்கு நா விரதம் இருக்கேன்” என்று நான்கு நாளும் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

மூன்றாம் நாள் முளைகள் நிமிர்ந்தன. நுனி மஞ்சளாக ஓட்டமாய் உயர்ந்தன. “அம்மா கண்ணத் தொறந்துட்டா” என்றார் சண்முகவடிவு. வினோதாவின் பெயரை எடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை அவள் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பினார்.

நானும் கூடப் போனேன், கடைக்குப் போகிற சாக்கில். நடுவராக வந்த சிங்கள மேடம் குங்குமத்தைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். வினோதா டிஷ் ஓட்டைக் கதையை முழுக்கச் சொன்னாள். மேடம் சிரித்துச் சிரித்துக் குறித்துக்கொண்டார். மூன்றாம் பரிசு. முதல் பரிசு இறம்பொடைப் பையன் விஜிதரனுக்கு. தேயிலை கொதிக்கவைத்த சாயத்தை ஊற்றி ரோஜா வளர்த்திருந்தான்.

பஸ்ஸில் வினோதா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். “சாயம் ஊத்தாத ரோஜா ஒண்ணுகூட அவன் கொண்டுவரல்லியே. அப்ப எதோட ஒப்பிட்டுப் பாத்தான்?”

அது நடந்து பதினோரு வருடம். சண்முகவடிவு மகளோடு பூண்டுலோயாவுக்குக் குடிபோய்விட்டார். வினோதாவுக்குப் போன தையில் கல்யாணம், மாப்பிள்ளை அதே விஜிதரன். அந்தக் கேள்வியை அவனிடமே நேரில் கேட்கப் போய் ஆரம்பித்த பேச்சு என்கிறார்கள். இறம்பொடையில் நாற்றுமேடை வைத்திருக்கிறார்கள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லையாம்.