மூன்றாவது விசில்

தையல் மெஷின்களைப் பொருத்தி ஓடவைப்பது அவள் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவள் மெஷின்காரி. கம்பெனி அவளைக் கடல் தாண்டி அனுப்பி, அங்கே ஊர் ஊராகச் சுற்றவிட்டது. ஒரு தொழிற்சாலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் பெட்டியைக் கட்டு, அடுத்த ஊர், அடுத்த அறை. வேலையிடத்தில் எல்லாம் கை ஜாடைதான். ஊசியைக் காட்டினால் ஊசி வரும், எண்ணெய்க் குப்பியைக் காட்டினால் எண்ணெய் வரும். சாப்பிட்டாயா என்று கேட்கும் ஜாடையை மட்டும் அவளிடம் யாரும் காட்டவில்லை.

இந்த ஊர் அறையில் முதல் நாள் காலை, முகம் முழுக்கச் சோப்போடு நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது விசில் அடித்ததுதான் தாமதம், வாய் தன்னால் கத்திவிட்டது.

"என்னங்க, அடுப்ப அணைங்க!"

வீட்டுப் பழக்கம். அங்கே அவள் குளிக்கப் போனால் கணவர் அடுப்படியில் நிற்பார். விசிலை எண்ணுவது மட்டும் அவள் பொறுப்பு. அந்த மனிதருக்கு மூன்று எண்ணுவதற்குள் முப்பது நினைப்பு வந்துவிடும்.

கத்திய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நாலாவது விசில் வரவில்லை. தற்செயல் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் மறுநாளும் கத்தினாள், அதற்கடுத்த நாளும் கத்தினாள். பைத்தியம் முற்றிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு தலை துவட்டினாள். நாள் முழுக்க வாய்விட்டுப் பேசும் தமிழ் அது ஒன்றுதான். பக்கத்து அறையில் யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. நம் ஆட்களாக இல்லாமல் போனால் அந்த ஒன்றும் போய்விடுமே!

ஒரு நாள் கம்பெனி மேலாளர் போனில் கேட்டார்: இன்னும் ஒரு வருடம் இருக்கிறாயா, மாதக் கடைசியில் திரும்புகிறாயா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் இல்லாமல் அங்கே வீடு திண்டாடிக்கொண்டிருக்கும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை அறைகளைத் தாண்டியிருந்தாள். மறுநாள் காலை, குளிக்கப் போகாமல் முதலில் வீட்டுக்குப் பேசினாள்.

"மாசக் கடைசியில வந்துடறேங்க. நீங்க சோத்த அடிபிடிக்க விட்டது போதும்."

"அதெல்லாம் பழைய கதை," என்றார் கணவர் பெருமையாக. "இப்ப ரெண்டே விசில்தான். சோறு பூ மாதிரி இருக்கு. உம் பொண்ணு கேட்டு வாங்கிச் சாப்புடறா. மூணு விட்டா குழைஞ்சுடுதும்மா. நீ எங்களுக்காக அவசரப்படாத. இருக்கணும்னா இருந்துட்டு வா, நாங்க பாத்துக்கறோம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். தான் இனி யாருக்கும் தேவையில்லை என்று தோன்றியது. சுவருக்கு அப்பால் மூன்றாவது விசில் அடித்தது. நாலாவது, ஐந்தாவது. அவள் வாயைத் திறக்கவில்லை.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் கரண்டியும் கையுமாக ஒரு பெண், அந்த ஊர்க்காரிதான், பதறிப்போய் நின்றாள். சுவரைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், இரண்டு கைகளையும் விரித்தாள். ஏன் இன்றைக்குக் கத்தவில்லை? கேட்டுவிட்டு இவள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். இத்தனை நாளும் இந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் அடுப்பை அணைத்திருக்கிறாள்.

மெஷின்காரி பக்கத்து அறைக்கு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். யாரோ விட்டுப்போன பழைய நம்மூர்க் குக்கர், குரல் வராமல் விசில் கூடிக்கொண்டே போனதில் பயந்து அந்தப் பெண் கிட்டவே போகவில்லை போலிருந்தது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் மெஷின்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு விசிலே போதுமாம். இத்தன வருஷம் நாந்தான் குழைய விட்டிருக்கேன். ஒருத்தராவது வாயத் தொறந்து சொன்னாங்களா பாரு."

ஒரு வார்த்தைகூடப் புரியாமல், அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.